கலியாணக் காரின் விலை

பழைய கார் ஒன்றின் பெறுமதியைக் கணக்கிட எனக்குப் பல்கலைக்கழகத்தில் சொல்லித்தந்தார்கள். வாங்கிய விலையிலிருந்து வருடாவருடம் தேய்மானத்தைக் கழிக்க வேண்டும். அந்தக் கணக்கின்படி எங்கள் அப்பாவின் கொரோலா நான் உயர்தரப் பரீட்சை எழுதும்போதே பூச்சியமாகிவிட்டது. இந்த நாட்டில் அந்தக் கணக்கு ஒரு சதத்துக்கும் உதவாது. இறக்குமதியை நிறுத்தினார்கள், பழைய கார்கள் விலை ஏறின. திறந்துவிட்டார்கள், இனி விழும் என்றார்கள். புதுக் காரின் வரியைக் கேட்ட சனம் திரும்பவும் பழைய காரிடமே வந்தது. முகாமைத்துவத்தில் பட்டம் எடுத்துவிட்டு வேலை இல்லாமல் உருத்திரபுரத்தில் ரியூசன் கொடுத்துக்கொண்டிருக்கும் நான்தான் தேய்ந்துபோனேன். என்னைவிட வயது கூடிய கார் தேயவில்லை.

அந்தக் கோபத்தோடுதான் சந்தை விலையைத் தேட உட்கார்ந்தேன். அதே வருடம், அதே கை கியர், வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் விளம்பரம் போட்டவர்களில் உண்மையாகவே விற்றவர்களை மட்டும் தேடிப்பிடித்துக் கேட்டேன். முப்பத்தாறு லட்சம் வந்தது.

"முப்பத்தாறு இரும்புக்கு. பேருக்கு ஒரு விலை இருக்கு, பிள்ளை" என்றார் அப்பா.

பேர் இருந்தது உண்மை. பாலன் என்றால் இந்தப் பக்கத்தில் யாரென்று கேட்பார்கள். கலியாணக் கார் பாலன் என்றால் தர்மபுரம் வரைக்கும் தெரியும். வெள்ளைக் கொரோலா, பூமாலை, முன்னால் அப்பா, பின்னால் மாப்பிள்ளையும் தோழனும். அந்தப் பேரை அவர் ஒரு விதியால் கட்டிவைத்திருந்தார். பிரேதம் ஏற்றமாட்டார். செத்தவீட்டுக்குப் போகிறவர்களை ஏற்றுவார், செத்தவரை ஏற்றமாட்டார். அடுத்த ஒழுங்கை ஞானேஸ்வரி மாமி செத்துப்போன தன் மகனை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவரக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்டபோதும், தன் செலவில் வான் பிடித்துக் கொடுத்தாரே தவிரக் காரைக் கொடுக்கவில்லை. பிரேதம் ஏறிய காரில் கலியாணப் பொம்பிளையை ஏற்ற எங்கள் சனம் சம்மதிக்காது. கலியாணத்துக்குக் கார் பேச வருகிறவர்கள் வாடகையைக் கேட்பதற்கு முன்னால் இதைத்தான் கேட்பார்கள்.

அம்மா போன பிறகு அப்பா சீனி வருத்தத்துக்கு மருந்து எடுப்பதை விட்டுவிட்டார். வயலில் காலில் கட்டை குத்திய காயத்தைப் பொருட்படுத்தவில்லை. கடைசியில் இடது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். பொய்க்கால் போட்டார்கள். அதால் நடக்கலாம், கிளச்சை அளந்து மிதிக்க முடியாது. ஓடாத கார் கொட்டிலுக்குள் நின்றது. ஓடாத மனிதர் அதன் முன்னால் கதிரையைப் போட்டுக்கொண்டு இருந்தார். காலையில் அதைத் துடைப்பார், மாலையில் ஒருமுறை இயக்கிவிட்டு நிறுத்துவார். வேறு வேலை எதுவும் இல்லை, கதையும் இல்லை.

ஓட்டோ கியர் காரில் இடது காலுக்கு வேலை கிடையாது. ஓமந்தையில் வாகனம் வாங்கி விற்கும் ஜனார்த்தனனிடம் அப்படி ஒரு சன்னி கார் நின்றது. நான் போனில் கேட்டேன். பாலண்ணையின் கார் என்றதும் அவருடைய குரல் இறங்கியது.

"தங்கச்சி, சன்னியும் தந்து மேலால மூண்டு லட்சமும் தருவன். என்னட்டை வாங்கிற ஆள் ஒண்டு இருக்கு. கலியாண மண்டபக்காரி. ராசியான வெள்ளைக் கார்தான் வேணுமாம்."

அப்பா அன்றைக்கு இரண்டு தரம் காரைக் கழுவினார்.

இனி எழுதப்போவதற்கு முன்னால் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அம்மா அந்தக் காரில்தான் இறந்தார். அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அறுவடைக் காலம். மத்தியானம் குசினிக்குள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அம்மா நிலத்தில் இருந்துவிட்டார். அப்பா தூக்கிப் பின்சீற்றில் கிடத்தினார். தலை என் மடியில். அம்மா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தார். வாய்க்கால் பாலம் தாண்டும்போது அந்தப் பிடி விட்டது. நான் வைத்தியம் படிக்கவில்லை. ஆனாலும் மடியில் இருக்கும் தலை ஒன்று பாரமாகிறபோது அது என்னவென்று தெரியும்.

"என்னவாம் அம்மா?" அப்பா றோட்டிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"மூச்சு விடுறா. நீங்கள் ஓடுங்கோ."

வேறு என்ன சொல்வது? உண்மையைச் சொல்லியிருந்தால் காரோடு எங்களையும் வாய்க்காலுக்குள் விட்டிருப்பார். கரடிப்போக்குச் சந்திக்குக் கொஞ்சம் முன்னால் அறுவடை மெசின் ஏற்றிய லொறி ஒன்று றோட்டுக்குக் குறுக்கே சிக்கி நின்றது. இடதுபக்கம் கிரவல் ஓரம், ஒரு முழம் பள்ளம். மோட்டார் சைக்கிள்கள் அதில் இறங்கிப் போயின. ஒரு லான்ட் மாஸ்ரர் உழவு இயந்திரமும் போனது. அப்பா அந்தப் பள்ளத்தைப் பார்த்தார். இறக்கவில்லை. ஹோர்னை அழுத்திப் பிடித்துக்கொண்டு லொறி விலகும்வரை நின்றார்.

ஆஸ்பத்திரியில் உள்ளே கொண்டுபோனார்கள். என்னென்னவோ செய்தார்கள். பிறகு டொக்டர் வெளியே வந்து சொன்னார். மலர்ச்சாலையின் பிரேத வானில்தான் அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்தோம். ஆகவே அப்பாவின் விதி உடையவில்லை. செத்தவீட்டுக்கு வந்த எல்லோருக்கும் அவர் ஒரே வசனத்தைச் சொன்னார்: "உயிரோடை கொண்டுபோய்ச் சேர்த்தனான்." அந்தக் கதையில் லொறி மட்டும் ஒருநாளும் வராது.

ஞாயிறு காலை ஜனார்த்தனன் சன்னியில் வந்தார். முன்சீற்றில் கமலாசனி அக்கா. வவுனியாவில் மண்டபம் வைத்திருப்பவர் என்று முகத்தைப் பார்த்தே சொல்லலாம். இறங்கியதும் எங்கள் வீட்டின் கூரையை, கிணற்றை, என்னை என்று வரிசையாக மதிப்பிட்டார்.

ஜனார்த்தனன் காரைச் சுற்றி வந்தார். பொனற்றைத் திறந்து காது வைத்துக் கேட்டார். எண்ணெய் மூடியைக் கழற்றி மணந்தார். பிறகு துணி சுற்றிய ஒரு காந்தத்தை எடுத்துக் கதவுகளில் ஒட்டிப் பார்த்தார். பின்கதவில் ஒட்டாமல் வழுக்கியது.

"பாலண்ணை, இதில பட்டி பூசி மறைச்சிருக்குப்போல. அடிபட்ட கதவோ?"

"ஒரு கீறல்கூட விழேல்லையடாப்பா" என்றார் அப்பா. முகம் கறுத்துவிட்டது.

நான் காந்தத்தை வாங்கினேன். சுற்றியிருந்த துணியை உருவினேன். உள்ளே ஒரு பக்கத்தில் மட்டும் தடிப்பாக இன்னொரு மடிப்பு இருந்தது, அதையும் உருவினேன். பின்கதவில் வைத்தேன். டக்கென்று ஒட்டியது.

"அண்ணை, பட்டி கதவில இல்லை. உங்கட காந்தத்தில."

கமலாசனி அக்கா சிரித்துவிட்டார். ஜனார்த்தனன் காதைச் சொறிந்தார்.

"உதெல்லாம் கம்பஸில படிப்பிக்கினமோ?"

"இல்லை. படிச்சு முடிய வேலை தராமல் வீட்டில வைச்சிருக்கினம். அதில படிச்சது."

"வாய் இருக்கு" என்றார் கமலாசனி அக்கா. அது புகழ்ச்சியா வசையா என்று தெரியவில்லை.

அதன்பிறகு பேச்சு நேராகப் போனது. சன்னி எங்களுக்கு. மேலால் மூன்று லட்சம். கொரோலாவை ஜனார்த்தனன் எடுத்துக் கமலாசனி அக்காவுக்குக் கொடுப்பார், அவர்களுக்கிடையே என்ன விலை என்பது எங்களுக்குத் தேவையில்லாத கதை.

"ஒருக்கா ஓடிப் பாருங்கோ அண்ணை" என்று ஜனார்த்தனன் சன்னியின் திறப்பை நீட்டினார்.

அப்பா ஏறினார். பொய்க்காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். கார் படலையால் வெளியே போனது. வாய்க்கால் கரை நெடுக அது ஓடுகிற சத்தத்தை நான் நின்று கேட்டேன். திருப்பினார். ஒழுங்கைக்குள் பின்னுக்கு விட்டார். இறங்கும்போது ஊன்றுகோலை மறந்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு நின்று சிரித்தார். அம்மா இருந்த காலத்துச் சிரிப்பு அது.

"பிள்ளை, பட்டர் மாதிரிப் போகுது."

நான் குசினிக்குள் போய்த் தேத்தண்ணி போட்டேன். கண்ணில் தண்ணீர் வந்ததற்குப் புகையைச் சாட்ட முடியாது. எங்கள் வீட்டில் காஸ் அடுப்பு.

தேத்தண்ணியைக் குடித்து முடித்துக் கோப்பையை வைத்தபடி கமலாசனி அக்கா கேட்டார்:

"அண்ணை, குறை நினைக்கப்படாது. உங்கட வீட்டுக்காரி வருத்தத்தோடை இந்தக் காரிலதான் போனவா எண்டு கேள்விப்பட்டனான்."

"ஓம் தங்கச்சி. உயிரோடை கொண்டுபோய்ச் சேர்த்தனான். ஆஸ்பத்திரியிலதான்."

"நான் நம்புறன். ஆனால் என்ரை மண்டபத்துக்கு வாற சனம் கேக்கும். நான் ஒரு சொல்லுச் சொல்ல வேணும். உங்கட ஒழுங்கைச் சந்தியில பிள்ளையார் இருக்கிறார். ஒரு கற்பூரத்தைக் கொளுத்தி அணைச்சுச் சொல்லிப்போட்டால் ரெண்டு பேருக்கும் நிம்மதி."

கற்பூரத்தை ஏற்றி, 'இது சத்தியம்' என்று சொல்லி உள்ளங்கையால் அணைப்பது இங்கே கடைசி வார்த்தை. காணிச் சண்டை, களவு, யார் யாரைப் பழித்தது என்பதெல்லாம் அதோடு முடியும். பொய்ச் சத்தியம் செய்தவன் குடும்பம் தழைக்காது என்று சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அப்பாவுக்கு இருக்கிறது.

"அதுக்கென்ன, வாங்கோ" என்று அப்பா ஊன்றுகோலை எடுத்தார்.

நடந்துதான் போனோம். நான் எனக்குள் வாதாடிக்கொண்டு போனேன். அவருக்குத் தெரியாது. தெரியாமல் சொன்னால் பொய் இல்லை. சுடுவது கற்பூரம், கடவுள் இல்லை. மூன்று நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும், அப்பா கார் ஓடுவார். நீ மட்டும் வாயை மூடிக்கொண்டு நில். இருபத்தாறு வயதுவரை மூடாத வாயை இன்றைக்கு மட்டும் மூடு.

கோயில் பூட்டியிருந்தது. வாசல் கல்லில் ஜனார்த்தனன் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தார். அப்பா முன்னுக்கு வந்தார்.

"நில்லுங்கோ அண்ணை" என்றார் கமலாசனி அக்கா. "நீங்கள் றோட்டைப் பாத்து ஓடினனீங்கள். பின்னுக்கு அவாவோடை இருந்தது ஆர்?"

"மகள்."

"அப்ப பிள்ளை சொல்லட்டும்."

அப்பா பெருமையோடு என்னை முன்னுக்குத் தள்ளினார். "சொல்லுவாள். இவளுக்குப் பொய் சொல்லத் தெரியாது, தங்கச்சி. அதாலதான் வந்த ரெண்டு சம்பந்தமும் குழம்பினது. உங்கட மகன் வேலைக்குப் போறேல்லையாமே எண்டு மாப்பிள்ளையின்ரை தாயைக் கேட்டவள்."

ஜனார்த்தனன் சிரித்தார். நான் கற்பூரத்தின் முன்னால் குனிந்தேன். கையை நீட்டினேன். சூடு தெரிந்தது. இல்லை என்று ஒரு சொல். அவ்வளவுதான். அந்தச் சொல் நாக்கில் வந்து நின்றது, சத்தியமாக நின்றது.

அப்போது அப்பாவைப் பார்த்தேன். மற்ற இரண்டு பேரும் கற்பூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அப்பா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெருமை எல்லாம் போய்விட்டிருந்தது. வாய் கொஞ்சம் திறந்திருந்தது. டொக்டர் வெளியே வந்தபோது அவர் முகம் இருந்ததைப் போல இருந்தது. கேள்வி கேட்டது கமலாசனி அக்கா இல்லை என்று எனக்கு விளங்கியது. இவ்வளவு காலமும் கேட்கப் பயந்துகொண்டு இருந்தவர் அப்பாதான்.

கையை எடுத்துவிட்டேன்.

"அப்பா, அம்மாவின்ரை உயிர் காரிலதான் போனது" என்றேன். "வாய்க்கால் பாலத்தடியில."

அப்பாவின் ஊன்றுகோல் கல்லில் உரசியது.

"லொறிக்கு முதலோ, பிறகோ?"

"முதல்."

"வடிவாத் தெரியுமோ?"

"என்ரை கையைப் பிடிச்சிருந்தவா, அப்பா. பாலத்தில விட்டிட்டா. லொறி நிண்டது பிறகுதான்."

அவர் கோயில் படியில் இருந்துவிட்டார். இரண்டு கையாலும் முகத்தை மூடினார். கற்பூரம் தானாக எரிந்து கல்லில் கறுப்பாக ஒரு வட்டம் விட்டுவிட்டு அணைந்தது.

"ஓரத்தால இறக்கியிருக்கலாம்" என்றார் கைகளுக்குள்ளிருந்து. "மோட்டார் சைக்கிள் எல்லாம் போனது. காரின்ரை அடி பட்டிடும் எண்டு நிண்டனான். கலியாணக் கார் எண்டு நிண்டனான், பிள்ளை."

"தெரியும்."

தெரியும். அன்றைக்கே தெரியும். அம்மாவின் உயிர் போன பிறகு அவர் நின்றாலும் ஒன்றுதான் பறந்தாலும் ஒன்றுதான் என்றும் தெரியும். ஆனாலும் நின்றார் என்று அவர்மேல் எனக்குக் கோபம். அதனால் அவருடைய லொறியைப் பற்றி நானும் பேசவில்லை. அவர் அந்தப் பள்ளத்தில் இறக்காமல் நின்றுதான் மனைவியைக் கொன்றதாக நினைத்துக்கொண்டு, மருந்தை விட்டு, காலையும் கொடுத்திருக்கிறார். நான் பக்கத்து அறையில் ரியூசன் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

ஜனார்த்தனன்தான் முதலில் கதைத்தார். வியாபாரி.

"அண்ணை, கவலையான விசயம்தான். ஆனால் இனி அக்கா எடுக்கமாட்டா. உந்தக் கார் இனி முப்பதுக்கும் போகாது. பாவம் எண்டு பாத்துச் சன்னியைத் தாறன். நீங்கள் மூண்டு லட்சம் மேலால தந்தால் சரி."

மூன்று லட்சம் எங்களிடம் இல்லை. அது அவருக்கும் தெரியும். என்னுடைய கோபத்துக்கு ஒரு இடம் கிடைத்தது. நல்ல காலம்.

"ஆர் சொன்னது முப்பதுக்குப் போகாதெண்டு?"

"தங்கச்சி, பிரேதம் ஏறின—"

"அது இஞ்சை நிக்கிற நாலு பேருக்குத்தான் தெரியும். நீங்கள் இதைக் கொண்டுபோய் யாழ்ப்பாணத்தில முப்பத்தாறுக்கு விக்கப்போறியள். கலியாணத்துக்கில்லாமல் பள்ளிக்கூடம் போக, சந்தைக்குப் போக ஒருத்தர் வாங்குவார். அவர் கற்பூரம் கொளுத்தப்போறாரோ? கேட்டாலும் நீங்கள் சொல்லப்போறியளோ?"

"அப்பிடிச் சொல்லேலாது—"

"உங்கட சன்னி முப்பத்தஞ்சும் பெறாது. ரயர் நாலும் மொட்டை. பேருக்கெண்டு தாறனெண்ட மூண்டை நீங்கள் தரவேண்டாம். பேர் போயிட்டுது, சரி, அது நியாயம். நாங்கள் தாற மூண்டு என்னத்துக்கு? என்ரை அம்மா செத்ததுக்கோ? அதில நீங்கள் லாபம் பாக்கிறதோ?"

ஜனார்த்தனன் கமலாசனி அக்காவைப் பார்த்தார். துணைக்கு வருவார் என்று நினைத்திருப்பார். அவர் கைப்பையின் வாரைச் சரிசெய்தபடி நின்றார்.

"தம்பி, அந்தப் பிள்ளை ஒரு சொல்லுப் பொய் சொல்லியிருந்தால் நான் இப்ப உம்மட கையில காசைத் தந்துகொண்டு நிப்பன்" என்றார். "பேசாமல் காருக்குக் கார் மாத்திவிடும். நீர் நட்டப்படமாட்டீர்."

ஜனார்த்தனன் சன்னியின் திறப்பை அப்பாவின் பக்கத்தில் படியில் வைத்தார்.

"பாலண்ணை, இவவை ஓமந்தைக்கு அனுப்புங்கோ. பாதிப் பங்கு தாறன்."

வீட்டுக்கு வந்து கடுதாசிகளில் கையெழுத்து வைத்தோம். அப்பா கொரோலாவின் டாஷ்போட்டிலிருந்த முருகன் படத்தைக் கழற்றினார். பின்சீற்றை ஒருமுறை உள்ளங்கையால் தடவினார், கதவைச் சாத்தினார். ஜனார்த்தனன் இயக்கிவிட்டு மற்றப் பக்கக் கதவைத் திறந்தார்.

"அக்கா, ஏறுங்கோ."

"நான் பஸ்ஸில வாறன்."

"முன்சீற்றுத்தானே அக்கா."

"உமக்குக் கார். எனக்குத் தொழில். ஆராவது கண்டால்?" என்று சொல்லிவிட்டுக் கமலாசனி அக்கா குடையை விரித்துக்கொண்டு பஸ் வருகிற பக்கம் நடந்தார். படலையடியில் திரும்பினார். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினார். நானும் ஆட்டினேன். அவர்மேல் கோபப்பட எனக்கு ஒரு காரணமும் அகப்படவில்லை. அதுவே கோபமாக இருந்தது.

கொரோலா ஒழுங்கை முடிந்து திரும்பும்வரை அப்பா பார்த்தார்.

"ஏறு" என்றார்.

முன்சீற்றில் ஏறினேன். அவர் மெதுவாகத்தான் ஓடினார். பாலத்தில் ஓரமாக நிறுத்தினார். வாய்க்காலில் தண்ணீர் இறங்கியிருந்தது, ஒரு மாடு நின்று குடித்தது.

"இதிலயோ?"

"ஓம்."

"ஏதும் சொன்னவாவோ?"

"இல்லை. கையைப் பிடிச்சிருந்தவா."

அவர் என் மணிக்கட்டைப் பார்த்தார். தொடவில்லை. கியரைத் தள்ளினார், கார் நகர்ந்தது.

கரடிப்போக்குச் சந்திக்கு முன்னால், அன்றைக்கு லொறி நின்ற இடத்துக்கு வந்தபோது றோட்டு வெறுமையாக இருந்தது. லொறியும் இல்லை, மாடும் இல்லை. நேரே போகலாம். அப்பா ஸ்ரியரிங்கை இடதுபக்கம் வெட்டினார். கார் தார் விளிம்பிலிருந்து சரிந்து பள்ளத்தில் இறங்கியது. என் தலை கதவில் இடித்தது. அடியில் ஏதோ ஒரு இரும்பு கல்லில் பட்டுக் கறகறவென்று இழுபட்டது.

"அப்பா, காரின்ரை அடி பட்டிட்டுது!"

அவர் காலை எடுக்கவில்லை. கிரவல் இரண்டு பக்கமும் தெறித்தது. பள்ளத்தின் மற்ற முனையால் கார் திரும்ப றோட்டுக்கு ஏறியது.

"படட்டும்" என்றார்.